குளிர்ந்திருப்பதாகவே சொன்ன சென்சார்: ஒரு பெட்ரோல் காரின் நிகழ்வு ஆய்வு

கோத்தகிரியிலிருந்து ஒருவர் தம் சிறிய பெட்ரோல் காரை மேட்டுப்பாளையத்தில் உள்ள எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தபோது, அந்த வண்டியில் ஏற்கெனவே இரண்டு இடங்களில் வேலை நடந்திருந்தது. நான்கு சிலிண்டர் கொண்ட, எட்டு ஆண்டு ஓடிய, பிஎஸ் 4 என்ற புகை விதிமுறைக்கு உட்பட்ட வண்டி அது. லிட்டருக்கு 17 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்தது நான்கு மாதத்தில் 12க்கு இறங்கிவிட்டது. மலையில், குளிர்ந்த விடியற்காலையில், முதல் சுழற்சியிலேயே ஸ்டார்ட் ஆகிற கார், கடைவீதியில் இருபது நிமிடம் நிறுத்திவிட்டு வந்தால் பெட்ரோல் வாடையோடு திணறியது. ஆக்சிலேட்டரை மிதித்துப் பிடித்தால்தான் எஞ்சின் பிடித்தது. செக் எஞ்சின் விளக்கு எரிவதும், யாராவது ஸ்கேனரில் அழித்தால் சில நாள் கழித்து மீண்டும் வருவதுமாக இருந்தது.

முதலில் பார்த்த இடத்தில் நான்கு பிளக்குகளையும் ஏர் ஃபில்டரையும் மாற்றியிருந்தார்கள். அடுத்த இடத்தில் ஸ்கேனர் காட்டிய பி 0128 என்ற பழுதுக் குறியீட்டை, அதாவது கோடை, வைத்துத் தெர்மோஸ்டாட்டை மாற்றியிருந்தார்கள். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட், போதிய சூடு ஏறும் வரை ரேடியேட்டருக்குப் போகாமல் மூடி வைக்கும் வால்வு அது. கோடு போகவில்லை. அடுத்ததாக, புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரையும், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் மாற்ற வேண்டியிருக்கும் என்று சொல்லப்பட்ட நிலையில்தான் அவர் கீழே இறங்கி வந்தார்.

சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது, பெரிதாக ஒன்றும் இல்லை என்பதுபோல அவர் சொன்ன ஒரு வாக்கியம் எங்களுக்கு முக்கியமாகப் பட்டது: "மலை இறங்கும்போது நீல லைட்டு மறுபடியும் எரியுதுங்க."

இந்தக் காரில் வெப்பநிலை காட்டும் முள் கிடையாது. எஞ்சின் குளிர்ந்திருந்தால் எரியும் நீல விளக்கும், அளவுக்கு மீறிச் சூடானால் எரியும் சிவப்பு விளக்கும்தான் இருக்கின்றன. நீல விளக்கு ஒருமுறை அணைந்த பிறகு, ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் மீண்டும் எரிவதற்குக் காரணம் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க முடியும்: எஞ்சின் உண்மையிலேயே அந்த அளவுக்குக் குளிர்கிறது, அல்லது குளிர்வதாக யாரோ ஈசிஎம்முக்கு, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிக்கு, சொல்கிறார்கள். முதலாவது காரணத்தை நம்பித்தான் தெர்மோஸ்டாட் மாற்றப்பட்டிருந்தது. இரண்டாவதை யாரும் சோதித்திருக்கவில்லை.

பி 0128 சொல்வது என்ன?

இந்தக் கோடின் பெயரிலேயே தெர்மோஸ்டாட் வருவதால் பலரும் நேராக அந்தப் பாகத்தைக் கழற்றுகிறார்கள். அதை முழுத் தவறு என்று சொல்ல முடியாது, ஏனென்றால் திறந்தபடி சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட்தான் இந்தக் கோடுக்கு மிகப் பரவலான காரணம். ஆனால் ஈசிஎம் தெர்மோஸ்டாட்டைப் பார்ப்பதில்லை. எஞ்சின் எவ்வளவு நேரம் ஓடியது, எவ்வளவு காற்று உள்ளே போனது, தொடக்கத்தில் வெப்பநிலை என்ன என்பவற்றை வைத்து இந்நேரம் கூலண்ட் இத்தனை டிகிரியை எட்டியிருக்க வேண்டும் என்று கணக்கிடுகிறது. கூலண்ட் சென்சார் சொல்லும் எண் அந்தக் கணக்கை எட்டவில்லை என்றால் கோடைப் பதிவு செய்கிறது. அதாவது கோடு குறிப்பது, எண் எட்டவில்லை என்ற செய்தியை மட்டுமே. எண்ணைத் தரும் சென்சாரே தவறாக இருக்கிறதா என்பதை இந்தக் கோடு சொல்வதில்லை.

சென்சாருக்கென்று தனியே கோடுகள் இருக்கின்றன: மின்சுற்று ஷார்ட் ஆனால் பி 0117, அறுந்து போனால் பி 0118. நாங்கள் பார்த்தபோது இவை எதுவும் பதிவாகியிருக்கவில்லை. ஒரு சென்சார் முழுமையாகச் செத்தால்தான் இந்தக் கோடுகள் வரும். நம்பத்தகுந்த எல்லைக்குள் நின்றுகொண்டு தவறான எண்ணைச் சொல்லும் சென்சாரை இவை பிடிப்பதில்லை.

அளந்து பார்த்தது

அன்று மாலையே வேலையைத் தொடங்காமல் இரவு முழுவதும் காரை நிறுத்தி வைத்தோம். மறுநாள் காலை, சாவியை ஆன் நிலைக்கு மட்டும் கொண்டுபோய் ஸ்கேனரைப் பார்த்தபோது, உள்ளே போகும் காற்றின் வெப்பநிலை 28 டிகிரி என்றும் கூலண்ட் 23 டிகிரி என்றும் காட்டியது. இரவு முழுக்க நின்ற வண்டியில் இந்த இரண்டு எண்களும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். ஐந்து டிகிரி வேறுபாடு என்பது அவசரத்தில் கண்ணில் படாமல் போகக்கூடியது. குளிர்ந்த காலை என்று நினைத்துக் கடந்துபோவதும் எளிது. முன்பு பார்த்தவர்கள் சென்சாரைச் சோதித்திருந்தாலும், குளிர்ந்த எஞ்சினில் மட்டும் சோதித்திருந்தால், நல்ல சென்சார் என்றே முடிவு செய்திருப்பார்கள்.

எனவே எண்ணுக்கு எதிரே வைத்துப் பார்க்க, சென்சாரைச் சாராத ஓர் அளவு தேவைப்பட்டது. மல்டிமீட்டரோடு வரும், வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிள் கம்பியின் முனையைத் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில், சென்சார் திருகப்பட்ட இடத்தை ஒட்டி வைத்து, மேலே சிறு துணி மடிப்பை வைத்து இறுகக் கட்டினோம். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் கையில் இருந்தாலும் அதைப் பளபளக்கும் அலுமினியத்தின் மேல் காட்டக்கூடாது. அந்தப் பரப்பு வெப்பக் கதிரைக் குறைவாக வெளியிடுவதால் உண்மையைவிடக் குறைந்த எண்ணே கிடைக்கும். கறுப்பு ரப்பர் ஹோசின் மேலோ, அலுமினியத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி அதன் மேலோ காட்டினால் நம்பலாம். இந்த ஒரு காரணத்தாலேயே நல்ல சென்சாரைக் கெட்டது என்றும் கெட்டதை நல்லது என்றும் முடிவு செய்த வண்டிகளை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டோம். தெர்மோகப்பிள் 60 காட்டியபோது ஸ்கேனர் 45ஐ ஒட்டி நின்றது. தெர்மோகப்பிள் 82ஐத் தாண்டும் வரை ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கைக்கு வெதுவெதுப்பாகவே இருந்து, பிறகு ஒரு நிமிடத்துக்குள் தொட முடியாத சூட்டுக்கு வந்தது. புதிதாகப் போட்ட தெர்மோஸ்டாட் சரியாக மூடி, சரியாகத் திறக்கிறது என்பதற்கு இதுவே போதும். தெர்மோகப்பிள் 90ஐ எட்டியபோது ஸ்கேனர் 60 என்றது. ஐடில் வேகம், சூடான எஞ்சினுக்குரிய நிமிடத்துக்கு 750 சுற்றுக்குப் பதிலாக 950இல் நின்றது. எரிபொருள் திருத்தம், அதாவது ஃப்யூயல் ட்ரிம், மைனஸ் 18 விழுக்காடு. எஞ்சின் இன்னும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது என்று நம்பி ஈசிஎம் கூடுதல் பெட்ரோலைக் கணக்கில் சேர்க்கிறது. ஆக்சிஜன் சென்சார் அது மிகை என்று சொல்லச் சொல்ல, மறுபக்கம் குறைக்கிறது. மாற்றச் சொல்லப்பட்ட அந்த ஆக்சிஜன் சென்சார் தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எங்களைத் திடுக்கிட வைத்தது. இந்த வகைக் காரில் கூலண்ட் 96 டிகிரியை எட்டும்போது ரேடியேட்டர் ஃபேன் ஓட வேண்டும். தெர்மோகப்பிள் 96ஐத் தாண்டியது, 98ஐத் தாண்டியது, 101க்கு வந்தது. ஃபேன் அசையவில்லை. ஸ்கேனரில் கூலண்ட் 63. உண்மை வெப்பம் 11 டிகிரி ஏறியிருக்க, ஈசிஎம்முக்குப் போய்ச் சேர்ந்தது 3 டிகிரி மட்டுமே. அதற்கு மேல் காத்திருக்காமல் சென்சாரின் கப்ளரை, அதாவது கம்பிகளைச் சென்சாரோடு இணைக்கும் செருகியை, கழற்றினோம். அந்த நொடியே ஃபேன் முழு வேகத்தில் ஓடத் தொடங்கியது. சென்சாரிடமிருந்து செய்தியே வராவிட்டால், எஞ்சினைக் காப்பாற்றுவதற்காக ஃபேனைத் தொடர்ந்து ஓடவிடும்படிதான் ஈசிஎம் எழுதப்பட்டிருக்கிறது. ஃபேன் மோட்டார், ரிலே, ஃபியூஸ் எல்லாம் நன்றாக இருப்பது இதனால் உறுதியானது. சென்சார் அடியோடு அறுந்திருந்தால் இந்தக் கார் இதைவிடப் பாதுகாப்பாக ஓடியிருக்கும்.

சிவப்பு விளக்கும் இதே சென்சாரின் எண்ணை நம்பித்தான் எரிகிறது. ஆகவே ஃபேன் ஓடாமல் எஞ்சின் கொதித்தாலும் ஓட்டுநருக்கு எந்த எச்சரிக்கையும் வந்திருக்காது. மலைக்காற்றில், நெரிசல் குறைந்த சாலையில் ஓடியதால் மட்டுமே நான்கு மாதம், எஞ்சினின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் அடைப்பான ஹெட் கேஸ்கெட் தப்பியிருக்கிறது. சமவெளியில், ஏப்ரல் வெயிலில், ஒரு ரயில்வே கேட்டில் அரை மணி நேரம் ஐடிலில் நின்றிருந்தால் நிலைமை வேறாகியிருக்கும். மைலேஜ் குறைந்தது என்று வரும் இத்தகைய வண்டிகளை நாங்கள் அவசர வேலையாகவே எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான்.

குற்றம் வயரிங்கிலா, சென்சாரிலா?

கூலண்ட் சென்சாருக்குள் இருப்பது, சூடு ஏற ஏற மின்தடை குறையும் ஒரு தெர்மிஸ்டர். பரவலாகப் பயன்படும் வகையில் 20 டிகிரியில் அதன் தடை 2.45 கிலோ ஓம், 40இல் 1.15, 60இல் 0.58, 80இல் 0.32, 100இல் 0.185. ஈசிஎம் தனக்குள் இருக்கும் ஒரு தடையின் வழியாக 5 வோல்ட்டை அனுப்பி, சென்சாரின் குறுக்கே எவ்வளவு மின்னழுத்தம் நிற்கிறது என்று பார்த்து வெப்பநிலையைக் கணிக்கிறது. கம்பி அறுந்தால் 5 வோல்ட் அப்படியே நிற்கும். ஸ்கேனர் மைனஸ் 40 காட்டும். இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று தொட்டால் பூஜ்ஜியம். எண் 140ஐ ஒட்டியோ அதற்கு மேலோ போகும்.

கப்ளரில் பச்சை பூத்திருந்தாலும், எர்த் கம்பியில் தடை ஏறியிருந்தாலும் நாங்கள் கண்ட இதே அறிகுறிகள்தான் வரும் என்பதால், சென்சாரை மாற்றுவதற்கு முன் வயரிங்கைத் தனியே சோதிக்க வேண்டியிருந்தது. மின்னணுக் கடைகளில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண ரெசிஸ்டர்களே இதற்குப் போதும். கழற்றிய கப்ளரின் இரண்டு பின்களுக்கும் இடையே 330 ஓம் வைத்தபோது ஸ்கேனர் 79 காட்டியது. 180 ஓம் வைத்தபோது 101 காட்டி, ஃபேன் ஓடியது. தெரிந்த தடைக்கு உரிய எண்ணை ஈசிஎம் சரியாகச் சொல்கிறது என்றால் கம்பி, கப்ளர், எர்த், ஈசிஎம் நான்கும் சரி. கம்பியை மேலும் கீழும் அசைத்தும் பார்த்தோம், எண் மாறவில்லை. பிறகு, இன்னும் 90 டிகிரிச் சூட்டில் இருந்த சென்சாரின் தடையை நேராக அளந்தோம். 0.24 கிலோ ஓம் இருக்க வேண்டிய இடத்தில் 0.59 இருந்தது.

கூடுதலாக இருந்த அந்த 350 ஓம்தான் இந்த வண்டியின் கதை முழுவதும். தெர்மிஸ்டரோடு வரிசையில், எங்கோ ஓர் இணைப்பில், மாறாத ஒரு தடை சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொண்டால் எல்லா அறிகுறிகளும் தாமாகவே விளங்குகின்றன. 28 டிகிரியில் தெர்மிஸ்டரின் தடையே 1.8 கிலோ ஓம் இருப்பதால், மேலும் 0.35 சேர்வது பெரிதாகத் தெரியாது. 23 என்று காட்டுகிறது. 90 டிகிரியில் தெர்மிஸ்டரே 0.24தான்; அதன்மேல் 0.35 சேரும்போது தடை இரண்டரை மடங்காகிவிடுகிறது, எண் 60க்கு விழுகிறது. குளிர்ந்த எஞ்சின் நன்றாக ஸ்டார்ட் ஆனதும், சூடான எஞ்சின் அளவுக்கு மீறிய பெட்ரோலில் மூழ்கித் திணறியதும் இதனால்தான். 96 டிகிரி என்று காட்ட மொத்தத் தடை 0.21 கிலோ ஓமை ஒட்டி இறங்க வேண்டும். கூடுதல் தடை மட்டுமே 0.35 இருக்கும்போது, எஞ்சின் எவ்வளவு கொதித்தாலும் அந்த எண் வரப்போவதே இல்லை.

நீல விளக்கும் இதே கணக்கில் அடங்குகிறது. இந்தக் காரில் எண் 56ஐத் தாண்டும்போது அது அணைகிறது. பழுதான சென்சார் 56 சொல்வது உண்மை வெப்பம் 80ஐ எட்டும்போது. மலை இறங்கும்போது எஞ்சின் பிரேக்கில் பெட்ரோல் எரியாமலே நெடுந்தூரம் ஓடுவதால் கூலண்ட் 75ஐ ஒட்டிக் குளிர்ந்தாலே போதும், ஈசிஎம்முக்கு அது 53 ஆகிவிடும், விளக்கு எரியும்.

மாற்றியது

எஞ்சின் ஆறும் வரை, மேல் ஹோசைக் கையால் அழுத்திப் பிடிக்க முடியும் வரை, மூடியைத் தொடவில்லை. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகம் வெந்தவர்களை இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் பார்த்திருப்பார்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, ரேடியேட்டரின் அடியில் இருக்கும் ட்ரெயின் காக்கைத் திறந்து, கூலண்ட் மட்டம் சென்சாருக்குக் கீழே போகும் அளவுக்கு, ஏறத்தாழ ஒரு லிட்டரைச் சுத்தமான தட்டில் இறக்கினோம். கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவை உடையது, நஞ்சு. தெருநாய்கள் வந்து நக்கிவிடும் என்பதால் அந்தத் தட்டைத் திறந்தபடி தரையில் விடுவதில்லை.

சென்சார் ஏர் ஃபில்டர் குழாய்க்குக் கீழே, தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் இருந்தது. எட்டு ஆண்டு வெந்த கப்ளரின் பூட்டு பிஸ்கட் போல உடையும் நிலைக்கு வந்திருக்கும். சின்ன ஸ்க்ரூ டிரைவரால் பூட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கம்பியை இழுக்காமல் கப்ளரின் உடம்பைப் பிடித்து அசைத்து எடுத்தோம். 19 எண் டீப் சாக்கெட்டில் சென்சார் சிரமமின்றிக் கழன்றது.

புதியதைப் பொருத்துவதற்கு முன் பழையதையும் புதியதையும் ஒரே பாத்திரத் தண்ணீரில், உலோக முனை மட்டும் நனையும்படி கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மோகப்பிளையும் அருகிலேயே இறக்கி, இண்டக்‌ஷன் அடுப்பில் சூடாக்கினோம். 30 டிகிரியில் புதியது 1.67, பழையது 2.02 கிலோ ஓம். 60இல் 0.58, 0.93. 90இல் 0.24, 0.60. ஒவ்வொரு வெப்பநிலையிலும் இரண்டுக்கும் இடையே அதே 0.35, 0.36. தெர்மிஸ்டர் தன் இயல்பில் அப்படியே இருக்கிறது, அதனோடு இன்னொரு தடை ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. தண்ணீர் கொதிப்பதை மட்டும் பார்த்து 100 டிகிரி என்று எழுதிவிடக் கூடாது; மேட்டுப்பாளையத்தில் 99ஐ ஒட்டியும், 1,790 மீட்டர் உயரத்தை ஒட்டி இருக்கும் கோத்தகிரியில் 94ஐ ஒட்டியும்தான் தண்ணீர் கொதிக்கும். தெர்மாமீட்டர் கட்டாயம் வேண்டும்.

இந்தச் சோதனைக்கு இன்னொரு பயனும் உண்டு. ஒரே மரை, ஒரே கப்ளர், ஆனால் வேறு தடைக் கணக்கு கொண்ட சென்சார்கள் சந்தையில் இருக்கின்றன. பெட்டியின் மேல் எண் சரியாக இருந்தாலும், தண்ணீரில் சோதிக்காமல் நாங்கள் எதையும் பொருத்துவதில்லை.

மரையைத் துடைத்து, புதிய ஓ ரிங்கில் சிறிது கூலண்டைத் தடவி, கையாலேயே கடைசி வரை திருகி, பிறகு டார்க் ஸ்பேனரில் 15 நியூட்டன் மீட்டரில் நிறுத்தினோம். ஹவுசிங் அலுமினியம் என்பதால் இன்னும் கொஞ்சம் இறுக்கலாமே என்ற எண்ணம் மரையைப் பிடுங்கிவிடும். வெள்ளை டேப் சுற்றவில்லை. கிழிந்த துணுக்குகள் கூலண்டுக்குள் போவது ஒருபுறம் இருக்க, உடம்பின் வழியாகவே எர்த் எடுக்கும் ஒற்றைக் கம்பி சென்சார்களில் அந்த டேப்பே புதிய பழுதை உண்டாக்கும். கப்ளரின் பின்களைக் கான்டாக்ட் கிளீனரால் கழுவி, பிடிப்பு தளரவில்லை என்று பார்த்துப் பூட்டினோம்.

கூலண்டும் டிமினரலைஸ்ட் தண்ணீரும் சரிபாதி கலந்து நிரப்பினோம். காற்று வெளியேற்றும் வேலையில் அவசரப்படக் கூடாது. சென்சாரின் முனை கூலண்டில் மூழ்காமல் காற்றுக் குமிழிக்குள் நின்றால், புதிய சென்சாரும் தவறான எண்ணையே சொல்லும். மாற்றியும் சரியாகவில்லை என்று மீண்டும் வரும் வண்டிகளில் பலவற்றுக்கு இதுதான் காரணம். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடியைத் திறந்தபடி ஐடிலில் ஓடவிட்டு, மேல் ஹோசை அவ்வப்போது அழுத்தி, குமிழி நிற்கும் வரை நிரப்பிக்கொண்டே இருந்து, கூலண்ட் சூடேறிப் பொங்குவதற்கு முன் மூடினோம்.

கோடை அழித்தோம், ஈசிஎம் கற்று வைத்திருந்த எரிபொருள் திருத்தத்தையும் அழித்தோம். தெர்மோகப்பிளை மீண்டும் கட்டி ஓடவிட்டபோது இரண்டு எண்களும் இரண்டு டிகிரிக்குள் ஒன்றையொன்று தொடர்ந்தன. 96இல் ஃபேன் ஓடி, 91இல் நின்றது. மூன்று முறை அப்படியே நடக்கும் வரை பார்த்தோம். ஐடில் 750க்கு இறங்கியது. ஃபேன் இல்லாமல் ஓடிய நான்கு மாதத்தை நினைத்து, மறுநாள் குளிர்ந்த எஞ்சினில் ரேடியேட்டருக்கு 1.1 பார் அழுத்தம் கொடுத்துக் கால் மணி நேரம் விட்டோம். அழுத்தமானியின் முள் இறங்கவில்லை. கூலண்ட் கலந்ததற்கு அடையாளமான பால் நிறம் எஞ்சின் ஆயிலில் இல்லை. கரி படிந்திருந்த பிளக்குகள் புதியவை என்பதால் சுத்தம் செய்து அவற்றையே போட்டோம்.

பழைய சென்சாரை வைஸில் பிடித்து ரம்பத்தால் அறுத்துப் பார்த்ததில், பின்னையும் தெர்மிஸ்டரையும் இணைக்கும் கம்பி முனையில் கருத்த பச்சைப் படிவு இருந்தது. ஓ ரிங்கின் பக்கமாக அல்ல, கப்ளர் பக்கத்திலிருந்து ஈரம் இறங்கியிருக்கிறது என்பது எங்கள் கணிப்பு. எஞ்சினைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் வழக்கம் உண்டா என்று உரிமையாளரிடம் கேட்டோம்; மலையில் சேறு அதிகம் என்பதால் மாதம் ஒருமுறை உண்டு என்றார். கப்ளரின் ரப்பர் சீலும் சுருங்கிப் போயிருந்ததால் அதையும் மாற்றி, அந்தப் பக்கம் தண்ணீர் அடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம்.

மூன்று வாரம் கழித்து ஆயில் மாற்ற வந்தபோது ஸ்கேனரைச் செருகிப் பார்த்தோம். பதிவான கோடு எதுவும் இல்லை; ஃப்யூயல் ட்ரிம் மைனஸ் 2. லிட்டருக்கு 17 கிடைப்பதாகச் சொன்னார். கோத்தகிரியிலிருந்து கீழே வரும் 33 கிலோமீட்டர் மலைப்பாதையில், புறப்பட்ட சில நிமிடங்களில் அணைந்த நீல விளக்கு, பட்டறை வாசலில் வண்டி நிற்கும் வரை மீண்டும் எரியவில்லை.